தன்னைத் தானே எழுதுதல்

(நம் சங்கத்தின் ஆண்டு விழாக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



நம் சங்கத்தார் வருகின்ற ஆண்டில் குடும்ப மலர் ஒன்று வெளியிடக் கருதி, ஒவ்வொரு குடும்பத்தாரும் தம்மைப் பற்றி ஒரு பக்க அளவில் எழுதித் தருமாறு கேட்டிருக்கின்றனர். வந்து சேர்ந்த ஏடுகளைப் பிழை நீக்கித் தரும் பணியினைச் செயலாளர் அவர்கள் எம்பால் ஒப்புவித்தார்கள். ஒற்றுப் பிழையும் சந்திப் பிழையும் களைதல் எமக்குத் தொழில், அதில் வருத்தமில்லை. ஆயின் ஏடுகளைப் படிக்கப் படிக்க, அங்கே குறையாவது ஒற்றுப் பிழை அன்று என்பது தெளிவாயிற்று. ஒரு குடும்பத்தின் பெயரை எடுத்துவிட்டு மற்றொரு குடும்பத்தின் பெயரை அவ்விடத்தில் வைத்தால் எவரும் வேறுபாடு காணார். எல்லாரும் பாரம்பரியம் மிக்க குடியில் தோன்றியவர். எல்லாரும் கடின உழைப்பால் உயர்ந்தவர். எல்லாரும் எளிமையும் ஈகையும் உடையவர். இவை பொய் என்று யாம் கூறவில்லை. மெய்யாகவே இருக்கலாம். ஆயினும் படித்து முடித்தபின் ஒருவருடைய முகமும் நம் கண்முன் நிற்கவில்லை. ஆதலின், ஒருவர் தம்மைப் பற்றித் தாமே எழுதும் பக்கம் நல்ல பக்கமாவது எதனால் என்பதையே இன்று பேச எடுத்துக்கொண்டோம்.

இது புதிய கேள்வி அன்று. நம் இலக்கண நூலார் இதனை நெடுங்காலத்திற்கு முன்னரே எண்ணிப் பார்த்திருக்கின்றனர். 13-ஆம் நூற்றாண்டில் சீயகங்கன் என்னும் சிற்றரசன் வேண்ட நன்னூல் இயற்றிய பவணந்தி முனிவர், நூலுக்கு முன்னே நிற்கும் பாயிரத்தைப் பற்றி விரிவாகப் பேசுகின்றார். ஒரு நூலின் சிறப்புப் பாயிரத்தைச் செய்தற்கு உரியவர் யாவர்? அந்நூலாசிரியனுக்குக் கற்பித்த ஆசிரியன், அவனோடு ஒருங்கு கற்றவன், அவனுடைய மாணாக்கன், நூலுக்குத் தகுந்த உரை கண்டவன் ஆகிய நால்வர் என்கின்றார். நூல் செய்தவன் தானே தன் நூலுக்குப் பாயிரம் செய்துகொள்ளுதல் கூடாது. எத்துணைப் பெரிய புலமை உடையவனாயினும் தன்னைத் தான் புகழ்தல் தகாது என்பது அதற்குக் காரணம்.

ஆயினும் முனிவர் உலகியல் அறிந்தவர். தற்புகழ்ச்சி குற்றமாகாத இடங்கள் சிலவற்றையும் உடன் காட்டுகின்றார். அரசன் அவைக்கு ஓலை எழுதும்போதும், தன் ஆற்றலை அறியாதாரிடையே நிற்கும்போதும், அவையில் வாதிட்டு வெல்ல வேண்டிய காலத்தும், எதிரி தன்னைப் பழித்த காலத்தும் ஒருவன் தன் சிறப்பைத் தானே கூறலாம். இதனைக் கேட்ட நண்பர் ஒருவர், 'மலரைப் படிப்போர் எம் ஆற்றலை அறியாதவர்தாமே! அவர்க்குச் சொல்லிக்கொள்ள எமக்கு விதி இருக்கிறதே!' என்று எம்மை மடக்கினார். நன்று, அவ்விதியை யாமும் மறுக்கவில்லை. அறியாதவர்க்கு அறிவிக்கத்தக்கது செயலா, அடைமொழியா என்பதே கேள்வி. 'வள்ளல்' என்று எழுதினால் அறியாதவன் அறியாதவனாகவே இருக்கின்றான். இன்ன ஊரில் இன்ன ஆண்டில் ஒரு கிணறு வெட்டினார், அக்கிணற்றில் இன்றும் நீர் இருக்கிறது என்று எழுதினால் அறிந்துகொள்கின்றான். வள்ளல் என்பதை அவனே சொல்லிக்கொள்வான்.

இன்னும் ஒன்று காண்க. சிறப்புப் பாயிரம் கூறவேண்டுவன இவை என நன்னூல் வகுத்த பொருள்களை நோக்குவோம். செய்தவன் பெயர் யாது? நூல் எவ்வழியாக வந்தது? எந்நிலத்தில் வழங்குவது? எப்பொருளைச் சொல்லுவது? யார் கேட்டற்குரியது? கேட்டார்க்கு ஆவது என்ன? இவற்றோடு, எக்காலத்தில், எந்தக் களத்தில், எக்காரணத்தால் தோன்றியது என்பனவும் சேர்க்கப்படும். இவற்றுள் 'மிக்க', 'சிறந்த', 'புகழ்பெற்ற' என்று விடை கூறத்தக்க வினா ஒன்றேனும் உண்டோ? எல்லாம் பெயராலும் ஊராலும் காலத்தாலும் செயலாலும் விடை கூறற்குரியன. நூலுக்கு வகுத்த இவ்வினாக்களை ஒரு குடும்பத்தின்மேல் வைத்துப் பார்த்தால், மலருக்கு எழுத வேண்டுவன முக்காற் பங்கு தாமே வந்து நிற்கும்.

இனி, இப்பக்கத்தைப் படிக்கப் போகின்றவர் யார்? நம்மவர் பலர் இதனை எண்ணாது எழுதுகின்றனர். அடுத்த தெருவில் இருக்கும் பங்காளி படித்து வியக்க வேண்டும், அல்லது படித்துப் பொறாமை கொள்ள வேண்டும் என்பது உள்ளக் கிடக்கை. அப்பங்காளி நும்மை முன்னமே அறிவார். எழுதியதில் எது மிகை என்பதையும் அறிவார். அவர்க்காக எழுதுதல் வீண். இன்னும் அறுபதாண்டு கழித்துப் பிறக்கும் பிள்ளை ஒன்று, சிங்கப்பூரிலோ கோலாலம்பூரிலோ வளர்ந்து, தமிழைத் தட்டுத் தடுமாறிப் படித்து, 'இவர் யார்?' என்று கேட்கப் போகிறது. அப்பிள்ளைக்கு நும் தெருவின் பெயர் தெரியாது. நும் தொழிலின் பெயரும் தெரியாது. அதற்கு விளங்குமாறு எழுதப்பட்டதே நல்ல பக்கம்.

எம் வகுப்பில் ஒருமுறை மாணாக்கரை நோக்கித் தத்தம் பாட்டனாரின் தாயார் பெயரை எழுதுமாறு கூறினோம். பெரும்பாலோர் எழுதுகோலைக் கடித்துக்கொண்டு இருந்தனர். வீட்டிற் கேட்டு வருமாறு மறுநாளும் விடுத்தோம். வீட்டிலும் பலர்க்குத் தெரியவில்லை. மூன்று தலைமுறைக்குள் ஒரு பெண்ணின் பெயர் இவ்வளவு முற்றாக அழிந்துவிடுகிறது. இத்தனைக்கும் இன்று ஒவ்வொருவர் கைப்பேசியிலும் ஆயிரம் படங்கள் இருக்கின்றன. எந்தப் படத்தின் கீழும் பெயர் இல்லை, ஊர் இல்லை. படம் எடுத்தவர் மறைந்தால், படத்தில் இருப்பவரும் யாரோ ஆகிவிடுவார்.

தம் வரலாற்றைத் தாமே எழுதி நமக்கு வழி காட்டியவருள் தலையாயவர் மகாமகோபாத்தியாய டாக்டர் உ. வே. சாமிநாதையர் அவர்கள். 1855-இல் பிறந்த இவர், எண்பத்தைந்தை நெருங்கிய அகவையில், 1940-இல் 'என் சரித்திர'த்தை ஆனந்த விகடனில் தொடர்ந்து எழுதத் தொடங்கினார். 1942-இல் அவர் மறைந்தமையால் அது முற்றுப்பெறாது நின்றது. 1950-இல் நூலாக வெளிவந்தது. சீவக சிந்தாமணியையும் பத்துப்பாட்டையும் சிலப்பதிகாரத்தையும் புறநானூற்றையும் மணிமேகலையையும் பதிப்பித்த ஒருவர் தம்மைப் பற்றி எழுதுகின்றார் என்றால், எப்படித் தொடங்கியிருக்கலாம்! அவர் தம் ஊரின் கதையிலிருந்து தொடங்குகின்றார். பின்னர் முன்னோரைச் சொல்லி, இசைவல்லராகிய தந்தையார் வேங்கடசுப்பையர் பிழைப்பைத் தேடி ஊர் ஊராகச் சென்றதைச் சொல்லுகின்றார். மகனுக்குத் தமிழ் சொல்லிக் கொடுப்பார் எங்கே கிடைப்பார் என்று அக்குடும்பம் அரியலூர், குன்னம், கார்குடி எனப் பெயர்ந்துகொண்டே இருந்தது. எந்த ஊரில் யார் தங்க இடம் கொடுத்தார், யார் நெல் கொடுத்தார், யார் எந்த நூலைப் பாடம் சொன்னார் என்பன பெயர் பெயராக எழுதப்பட்டிருக்கின்றன. யாப்பருங்கலக் காரிகையைச் செங்கணம் விருத்தாசல ரெட்டியாரிடம் கற்றதை எத்துணை நன்றியோடு கூறுகின்றார்! அவர் எழுதாதிருந்தால், அச்சிற்றூர்ப் புலவரைத் தமிழுலகில் எத்தனை பேர் அறிவர்?

இங்கே ஒரு நுட்பத்தை நாம் கவனித்தல் வேண்டும். தம்மைப் பற்றிய நூலில் ஐயர் அவர்கள் தமக்குக் கொடுத்த இடத்தைக் காட்டிலும் பிறர்க்குக் கொடுத்த இடமே மிகுதி. ஆசிரியர் மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையவர்களை நீக்கிவிட்டால் அந்நூலிற் பாதி சரிந்துவிடும். அவ்வளவிற்கும், அவ்வாசிரியரின் வரலாற்றை அதற்கு முன்பே 1933-லும் 1934-லும் இரண்டு பாகங்களாகத் தனியே எழுதி வெளியிட்டிருந்தார். பிறரைப் பற்றி எழுத எழுத அவர் முகமே நமக்குத் தெளிவாகிறது.

மற்றொரு பகுதியும் நினைக்கத்தக்கது. 1880-இல் கும்பகோணம் கல்லூரியில் ஆசிரியராய் அமர்ந்த புதிதில், அவ்வூருக்கு முன்சீபாக வந்திருந்த சேலம் இராமசாமி முதலியாரைக் காணச் செல்கின்றார். 'என்ன படித்திருக்கிறீர்?' என்று முதலியார் கேட்க, தாம் கற்ற அந்தாதி, கலம்பகம், கோவை, உலா முதலியவற்றை வரிசையாக அடுக்குகின்றார். முதலியார் அவற்றை ஒரு பொருட்டாகவே கொள்ளவில்லை. பழைய காப்பியங்களைப் படித்ததுண்டா என்று வினவுகின்றார், இல்லை. பெரிய ஆசிரியரிடம் பல ஆண்டு கற்ற செருக்கு அங்கே அடிபடுகிறது. இந்நிகழ்ச்சியை அறிந்தவர் இருவரே; எழுதாமல் விட்டிருந்தால் எவர்க்கும் தெரிந்திராது. ஐயர் அவர்கள் மறைக்காது எழுதினார். அந்த நாளிலிருந்துதான் அவர் சிந்தாமணியைத் தேடிப் புகுந்தது. 1887-இல் அது அச்சில் வந்தது. தாம் தலைகுனிந்த இடத்தை எழுதியமையால் அன்றோ, பின்னர் அவர் எய்திய உயரம் நமக்குப் பொருளுடையதாகிறது!

ஐயர் அவர்களைப் போல எழுத நாம் எங்கே போவோம் எனச் சிலர் அஞ்சலாம். அவர்க்கு மற்றொருவரைக் காட்டுவோம். புதுச்சேரியில் பிரெஞ்சுக்காரரிடம் துபாசியாக இருந்த ஆனந்தரங்கப் பிள்ளை 1736 செப்டம்பர் முதல், 1761 சனவரியில் தாம் மறையும் நாள்களை ஒட்டிய காலம் வரை நாட்குறிப்பு எழுதி வந்தார். அவர் தமிழ் எப்படிப்பட்டது? பண்டிதர் பார்வையில் பக்கத்திற்குப் பத்துப் பிழை காணலாம். பேசுவது போலவே எழுதியிருக்கின்றார்; ஒரு வாக்கியம் எங்கே முடிகிறது என்று தேடவேண்டும். ஆயினும் கப்பல் வந்ததும் சரக்கு இறங்கியதும், துரை இன்னது கேட்க இவர் இன்னது சொன்னதும், கடைத்தெருவில் பரவிய வதந்தியும் அன்றன்றைக்கு எழுதப்பட்டிருக்கின்றன. 1746-இல் பிரெஞ்சுப் படை சென்னையைப் பிடித்ததையும், 1748-இல் ஆங்கிலேயர் புதுச்சேரியை முற்றுகையிட்டதையும் அங்கிருந்த ஒரு தமிழர் கண் வழியாக நாம் காண்பது இவரால்தான். அவர் மறைந்து 85 ஆண்டு கழித்து, 1846-இல் அவ்வேடுகள் கண்டெடுக்கப்பட்டன. 1904 முதல் 1928 வரை பன்னிரண்டு தொகுதிகளாக ஆங்கிலத்தில் மொழிபெயர்க்கப்பட்டன. தமக்குக் கிடைத்த மரியாதைகளையும் பிள்ளையவர்கள் விடாமல் எழுதியிருக்கின்றார். அப்பக்கங்களை விரைவாகத் தள்ளிவிட்டு, கப்பலும் கடைத்தெருவும் வரும் பக்கங்களையே நாம் தேடிச் செல்கின்றோம். இலக்கணப் பிழைக்கு அஞ்சி எவரும் எழுதாதிருக்க வேண்டா. அதனைத் திருத்த யாம் இருக்கின்றோம். நிகழ்ந்ததை எழுதாது விட்டால் அதனைத் திருத்த எவராலும் இயலாது.

இனி எழுதும் முறையிற் சில சொல்லுவோம்.

காலத்தை ஐயமற எழுதுக. வந்த ஏடொன்றில், 'எம் முப்பாட்டனார் தாது வருடத்தில் ஊரை விட்டு வந்தார்' என்று கண்டோம். எந்தத் தாது? நம் ஆண்டுப் பெயர்கள் அறுபதாண்டுக்கு ஒருமுறை சுழன்று வருவன. 1876-இல் தொடங்கிய தாது பெரும் பஞ்சம் தலைவிரித்தாடிய ஆண்டு, 1936-லும் தாது வந்தது, 1996-லும் வந்தது. பஞ்சத்திற்குத் தப்பி வந்தவரா, நிலம் வாங்க வந்தவரா என்பது அவ்வொரு சொல்லால் விளங்காது. தமிழ் ஆண்டை எழுதுக. அதனருகே ஆங்கில ஆண்டையும் எழுதுக. நாள் தெரியாவிடின், இன்ன நிகழ்ச்சிக்கு முன், இன்ன நிகழ்ச்சிக்குப் பின் என்றேனும் எழுதுக.

அளவையும் விலையையும் எழுதுக. 1957 ஏப்ரல் முதல் நாளில் நயா பைசா வழக்கிற்கு வந்தது. பதினாறு அணா ஒரு ரூபாய் என்றிருந்தது, நூறு பைசா ஒரு ரூபாய் என்றாயிற்று. ஓரணாவிற்கு ஆறே கால் பைசா. அந்தக் காலைக் கடைக்காரர் விட்டாரா, வாங்குவோர் விட்டாரா? இதனைக் கண்ணாற் கண்ட சிறுவர் இன்று எண்பது வயதை ஒட்டிய பெரியோராய் இவ்வவையில் அமர்ந்திருக்கின்றனர். வீசையும் பலமும் போய்க் கிலோ வந்ததும், மரக்காலும் படியும் மூலையிற் கிடந்ததும் அவர்கள் அறிவார்கள். பள்ளி நூலில் ஒரு வரியாக வருவது அவர்கள் வாழ்வில் ஒரு முழு ஆண்டின் தொல்லையாக இருந்திருக்கும். 1942-இல் பர்மாவிலிருந்து காடும் மலையும் கடந்து நடந்து வந்தோர் வீட்டாரும், 1964-இல் செய்த சிறிமாவோ - சாத்திரி உடன்படிக்கையால் இலங்கைத் தோட்டங்களிலிருந்து பின்னர் வந்து சேர்ந்தோரும் நம்மிடையே உளராயின், கையிற் கொண்டுவந்தது எது, விட்டு வந்தது எது என்பதை மட்டும் எழுதினாலும் பக்கம் நிறைந்துவிடும்.

சான்று வேண்டுமாயின் வீட்டிலேயே இருக்கிறது. பத்திரம் இருக்கும், சாதகம் இருக்கும், எல்லாவற்றினும் மேலாக மொய் நோட்டு இருக்கும். ஒரு குடும்பத்தார் யார் யாரோடு உறவாடினர், எவ்வெவ்வூரிலிருந்து வந்தனர், அக்காலத்தில் ஐந்து ரூபாய் எழுதியவர் எத்தனை பேர், ஒரு ரூபாய் எழுதியவர் எத்தனை பேர் என்பதெல்லாம் அதிற் காணலாம். பழைய தாள் என்று அதனை எடைக்குப் போடுகின்றவரைக் கண்டால் எமக்குக் கோபம் வருகிறது; பொறுத்தருள்க.

அடுத்து யாம் சொல்லப் போவது சிலர்க்கு உவப்பாகாது. வந்த ஏடுகளிற் பல, நம் குலம் இன்ன அரச மரபில் தோன்றியது என்று தொடங்கி, பக்கத்தின் பாதியை அதற்கே செலவிடுகின்றன. அம்மரபை ஆராய்வோர் கல்வெட்டும் செப்பேடும் கொண்டு ஆராய்க. அது தனி வேலை. ஆனால் ஒரு குடும்பத்தின் பக்கத்தில் அது வேண்டா என்பது எம் துணிபு. உண்மையாயின் எல்லார்க்கும் பொது; ஐம்பது பக்கத்தில் ஐம்பது முறை எழுத வேண்டுவதில்லை. ஐயத்திற்குரியதாயின், அதனைப் படிக்கின்றவன் அதன் கீழே எழுதிய மெய்யையும் ஐயுறுவான். இவற்றினும் பெரிய கேடு மற்றொன்று. ஆயிரம் ஆண்டுக்கு முன் வாழ்ந்த அரசனுக்கு இடம் கொடுத்து, நூறாண்டுக்கு முன் நுகத்தடியைத் தோளிற் சுமந்த பாட்டனை வெளியே நிறுத்திவிடுகின்றோம். அரசனைப் பற்றி எழுத உலகில் ஆயிரம் பேர் உளர். அப்பாட்டனைப் பற்றி எழுத நும்மைத் தவிர ஒருவரும் இலர்.

தாய்மார்களைப் பற்றியும் கூற வேண்டும். 'அன்னாருக்கு மனைவியும் இரு மக்களும் உளர்' என்று முடிகின்ற ஏடுகளே மிகுதி. அம்மனைவியின் பெயர் என்ன? எவ்வூரிற் பிறந்தவர்? கடையில் கணவர் அமர்ந்திருக்க, உள்ளே மாவு இடித்துப் பொட்டலம் கட்டி அக்கடையை நடத்தியவர் அவராக இருக்கலாம். பெண்களின் பெயரும் பிறந்த ஊரும் இல்லாத பக்கத்தைத் திருப்பி அனுப்புமாறு செயலாளர் அவர்களை யாம் கேட்டிருக்கின்றோம். அவர் சிரித்தார், மறுக்கவில்லை.

நாணத்தால் மறைப்பனவும் உண்டு. இப்போது நல்ல நிலையில் இருக்கும் பெரியவர் ஒருவர் தம் கைப்படப் பக்கம் எழுதி அனுப்பினார். அதில் ஒரு வரி மையால் அடிக்கப்பட்டிருந்தது. வெளிச்சத்திற் பிடித்துப் பார்த்தோம். குற்றமாயின் அவர் பொறுத்துக்கொள்வார். பன்னிரண்டாம் அகவையில் உணவுக்கடை ஒன்றில் எச்சில் இலை எடுத்ததும், இரவில் அக்கடையின் விளக்கிலேயே எழுத்துக் கற்றதும் அவ்வரியில் இருந்தன. எஞ்சிய முப்பது வரிகளிலும், பெற்ற பட்டமும் வகித்த பதவியும் இருந்தன. அவர் இல்லத்திற்குச் சென்று, அடித்த வரியை மீண்டும் எழுதித் தருமாறு வேண்டினோம். 'என் பேரப்பிள்ளைகள் படிப்பார்களே' என்றார். 'அவர்கள் படிக்க வேண்டியே கேட்கின்றோம், ஐயா' என்றோம். நெடுநேரம் பேசாதிருந்தார். பின்னர், அக்கடைக்காரர் தமக்கு முதன்முதலாகச் சட்டை தைத்துக் கொடுத்ததைச் சொல்லத் தொடங்கினார்; அந்தச் சட்டையின் நிறம் வரைக்கும் நினைவிருந்தது. இப்போது அப்பக்கம் இரண்டு பக்கமாகி எம்மிடம் இருக்கிறது.

ஆனால் தம் குறையை எழுதுவது வேறு; பிறர் குறையை எழுதுவது வேறு. பாகப் பிரிவினை வழக்கில் தமையனார் செய்த வஞ்சனையை ஒருவர் விரிவாக எழுதியிருந்தார். தமையனார் இப்போது இல்லை. விடை சொல்ல அவரால் இயலாது. சங்கத்து மலர் அதற்குக் களம் அன்று. அப்பகுதியை மட்டும் யாம் நீக்கினோம். வழக்கு நடந்த ஆண்டையும், அதனால் நிலம் எவ்வளவு குறைந்தது என்பதையும் அப்படியே விட்டோம். அவை நிகழ்ச்சிகள்.

நடையைப் பற்றி மிகுதியாகச் சொல்ல வேண்டுவதில்லை. நூற்குற்றம் பத்தனுள் மிகைபடக் கூறலையும் மற்றொன்று விரித்தலையும் விலக்கினாற் போதும். ஒருவர் தம் பக்கத்தில் முக்காற் பங்கை நாட்டு அரசியலுக்குக் கொடுத்திருந்தார். அது மற்றொன்று விரித்தல். சென்று தேய்ந்திறுதல் என்னும் குற்றமும் சிலரிடம் உண்டு. பாட்டனாரைப் பற்றி இருபது வரி, தந்தையாரைப் பற்றிப் பத்து வரி, தம்மைப் பற்றி 'தற்போது நலமாக உள்ளார்' என்று ஒரு வரி. இது அடக்கம் போலத் தோன்றும். அடுத்த தலைமுறைக்கு இவரும் பாட்டனார் ஆவார் என்பதை மறந்ததன் விளைவு அது.

எழுத இயலாத முதியோர் சொல்ல, பேரப்பிள்ளைகள் எழுதுக. சொல்லும்போது கைப்பேசியிற் குரலைப் பதிந்துகொண்டு, பின்னர் ஆறுதலாக எழுதலாம். பெரியவர் கதையை இடைமறித்து, 'அது அப்படி நடக்கவில்லை' என்று பக்கத்திலிருப்போர் திருத்த வேண்டா. இருவர் சொல்வதையும் எழுதுக. அனுப்பிய ஏட்டைத் திரும்பப் பெற்று மாற்றி எழுத விரும்புவோர், சனிக்கிழமை மாலை நான்கு மணிக்கு மேல் சங்கக் கட்டடத்தில் எம்மைக் காணலாம். மொய் நோட்டு வைத்திருப்போர் அதனையும் உடன் கொண்டுவருக. பார்த்துவிட்டு அன்றே திருப்பித் தருவோம். மார்கழித் திங்கள் முடிவதற்குள் எல்லாம் செயலாளர் அவர்கள் கையிற் சேர்தல் வேண்டும். தை பிறந்ததும் அச்சகத்திற்குப் போகிறது.